மூணாம் நம்பர் கிண்ணம்

முக்கூடல் பஸ் நிறுத்தத்தில் இறங்குகையில்
என் பை கலகலக்கும்.
பன்னிரண்டு கிண்ணம், ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று,
அடியில் எண் வெட்டியவை.
பாத்திரக்காரி என்று நினைத்து
விலை கேட்பவர்கள் உண்டு.

நேற்றுக் காலை விழித்ததிலிருந்து
இன்று காலை விழிக்கும்வரை
என்னென்ன சாப்பிட்டீர்கள்?
கேள்வி அவ்வளவுதான்.
பதில்தான் பலருக்கு ஞாபகமிருக்காது.

பூலம்மாளுக்கு இருந்தது.
கட்டுக்கு இருபத்தஞ்சு, நாளைக்கு நாப்பது கட்டு என்று
பீடி எண்ணிப் பழகியவள்
சோற்றையும் எண்ணி வைத்திருந்தாள்.
இலை வெட்டும் கத்தரி நிற்காமலே சொன்னாள்:
பழையது, மூணாம் நம்பர், ஒண்ணேகால்.
சாளைக் குழம்பு, ஏழாம் நம்பர், முக்கால்.
ரேஷன் பாமாயில் இருபதாம் தேதியோடு சரி,
அதுக்கு மேல கடலெண்ணெய்,
எழுதிக்கிடுங்க.

சிவனணைந்தான், கணவர், வயது நாற்பத்தாறு.
வண்ணார்பேட்டையில் ஏடிஎம் வாசல்,
பிளாஸ்டிக் நாற்காலி.
உட்கார்ந்த வேலை. ஆண். ஒன்று.

பூலம்மாள், நாற்பது.
உட்கார்ந்த வேலை. பெண்.
புள்ளி எட்டு.

படிவத்தை எட்டிப் பார்த்தாள்.
'அவுகளும் உக்காந்துதான் இருக்காக,
நானும் உக்காந்துதான் இருக்கேன்.
மிச்ச ரெண்டு எங்க போச்சு?'

எடை, உயரம், தசை என்று
பயிற்சி முகாமில் சொல்லித் தந்ததைச் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே ஒரு பீடியை
நிரப்பி உருட்டி நூல் சுற்றி
முனை மடக்கித் தட்டில் போட்டாள்.
'சரி' என்றாள். அடுத்த இலையை எடுத்தாள்.

இந்தத் தெருவுக்கு இது எனக்கு மூன்றாவது சுற்று.
முதல் சுற்றில் இதே வீட்டில் எட்டுப் பேர்.
புள்ளி நாலு, புள்ளி அஞ்சு என்று
குட்டிப் பின்னங்கள் தரையெல்லாம் தவழ்ந்து
என் கிண்ணங்களைத் தட்டி விளையாடின.
இப்போது நாலு பேர்.
எல்லோரும் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அலுவலகச் சுவரில் ஒரு கோடு இருக்கிறது:
தேசத்தில் தலைக்கு இத்தனை கலோரி தேவை.
வருஷா வருஷம் குருணை அளவு ஏறுகிறது.
யாருக்கும் பசி கூடிவிடவில்லை.
பிள்ளை பிறந்தால் அந்தக் கோடு ஒரு மயிரிழை இறங்கும்,
பிறக்காத வருஷங்களில் ஏறும்.
வயசாளி செத்தாலும் ஏறும்.
பூலம்மாளின் மாமனார் போன ஐப்பசியில்
ஆற்றங்கரையில் எரிந்தார்.
'கடைசி ஆறு மாசமும் கஞ்சிதான்,
ஒம்பதாம் நம்பர், அதுலயும் பாதி' என்றாள்,
நான் கேட்காமலே.
பெயர் அடித்த இடத்தில்
பேனா கொஞ்சம் பரவியிருந்தது.

கன வேலை என்றொரு கட்டம் உண்டு,
ஒன்றரைக்கும் மேலே.
இந்த ஊரில் அதை நிரப்பி நாளாகிறது.
கார் நெல் அறுக்க வந்த இயந்திரம்
வாய்க்கால் ஓரம் நிற்கிறது.
அது டீசல் குடிக்கும்,
என் கிண்ணத்தில் கொள்ளாது.

மணி ரெண்டு.
உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல்.
வாசனை வந்த பிறகு எப்படி எழுந்து போவது?
சாப்பிடக் கூடாது என்று விதியில்லை.
சாப்பிட்டால் எழுத வேண்டும் என்று உண்டு:
விருந்தினர், ஒரு வேளை.
என்னை நானே எழுதினேன்.
பெண், முப்பத்திரண்டு,
அலைந்து திரியும் வேலை, மிதமானது.

'உங்களுக்கு எம்புட்டு?'
'புள்ளி ஒன்பது.'
அகப்பை பானைக்குள் போய் வந்தது.
'என்னையவிட ஒரு புள்ளி கூட இருக்குல்லா,
இன்னும் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க.'

திரும்பும் பஸ்ஸில் பை சரியாகக் கலகலக்கவில்லை.
எண்ணினேன். பதினொன்று.

ராத்திரி போன் வந்தது.
'ஓங்க மூணாம் நம்பர் இங்கதான் கெடக்கு,
பத்திரமா இருக்கு, வெசனப்படாதீங்க.
இன்னைக்கு எல்லாருக்கும்
அதுலதான் அளந்து போட்டேன்.'

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது.
படிவத்தில் அதற்கு இடமில்லை.